மாமல்லபுரத்துக்கு வழிவிடும் ராக்கெட்

அட்லஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கேலும் பென்சிலும் வேண்டும். சென்னைக்கு வடக்கே, பழவேற்காடு ஏரியை ஒட்டி, ராக்கெட் ஏவுதளமான ஸ்ரீஹரிகோட்டா இருக்கிறதா? அங்கே பென்சில் முனையை வைத்து, நேர் தெற்கே ஒரு கோடு இழுங்கள். கோடு முதலில் சென்னைக்குள் புகும். பிறகு கடலோரமாகவே இறங்கி, மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்கு நாலைந்து கிலோமீட்டர் கிழக்கே கடலில் போகும். விடாமல் இழுத்தால் இலங்கையின் வடமுனையில், பருத்தித்துறையில் போய் முட்டும். ஏவுதளம், மாமல்லபுரம், பருத்தித்துறை மூன்றும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கக்கோட்டில் இருக்கின்றன!

பூமியைப் படம்பிடிக்கும் நம் செயற்கைக்கோள்கள் பலவற்றுக்கும் தேவையான திசை இதுதான். ஆனால் ராக்கெட்டை இந்தக் கோட்டில் விடுவதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில், தெற்கே எதற்குப் போக வேண்டும்? ஒரு பந்தை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே, அதன் மேல் மேலிருந்து கீழாக நூலைச் சுற்றிப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் நூல் புது இடத்தில் விழும். கொஞ்ச நேரத்தில் பந்து முழுவதும் மூடிவிடும். துருவங்களின் மேல் சுற்றும் செயற்கைக்கோளும் அப்படித்தான். அது ஒன்றரை மணி நேரத்தில் ஒரு சுற்று முடிப்பதற்குள் பூமி அடியில் கொஞ்சம் திரும்பியிருக்கும். ஏரி, வயல், வெள்ளம், புயல் எதுவும் அதன் கண்ணுக்குத் தப்பாது.

2022 பிப்ரவரி 14 அன்று காலை 5:59க்கு, இ.ஓ.எஸ்-04 என்ற ராடார் செயற்கைக்கோளை பி.எஸ்.எல்.வி. ராக்கெட் கொண்டுபோனது. அந்த நேரம் சும்மா குறித்த முகூர்த்தம் இல்லை. அதன் பாதை, பகலும் இரவும் சந்திக்கும் எல்லையை ஒட்டியே செல்வது. அதனால் சூரியத் தகடுகளுக்குப் பெரும்பாலும் வெயில் குறையாது. விடியற்காலை ஆறு மணியை ஒட்டி நம் கரை அந்த எல்லைக்கு வருகிறது. அதனால்தான் அப்போது ஏவினார்கள்.

சரி, மாமல்லபுரம் மணலில் நின்றால் ராக்கெட் எப்போது கண்ணில் படும்? உங்கள் கண் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால், கடலும் வானும் சேரும் கோடு வெறும் நாலரை கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. அதற்கு அப்பால் பூமி வளைந்து கீழே இறங்கிவிடுகிறது. ஏவுதளமோ சுமார் 123 கிலோமீட்டர் வடக்கே. கணக்குப் போட்டால், ராக்கெட் 1.1 கிலோமீட்டர் மேலே ஏறிய பிறகே நமக்குத் தெரியத் தொடங்கும். நடுவில் சவுக்குத் தோப்பும் கட்டடமும் மறைத்தால் இன்னும் தாமதம். தூரம் போகும் படகின் உடல் முதலில் மறைந்து, கொடி கடைசியில் மறைவதும் இதே காரணத்தால்தான்.

என் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் விடியலில் மாமல்லபுரம் கடற்கரைக்குப் போயிருந்தேன். ஃபைபர் படகின் ஓரம் ஒரு பெரியவர் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். "தாத்தா, ராக்கெட்டை நேரா தெக்க விட்டா என்ன?" என்று அவரிடமே கேட்டாள்.

"அது கீழ விழுந்தா யாரு தலையில விழும் பாப்பா? நாங்க கடல்ல இருக்கோம்ல" என்றார்.

சரியான பதில். ராக்கெட் பறக்கும்போது ஒவ்வொரு நொடியும் கணினி ஒரு கேள்விக்கு விடை கண்டுகொண்டே இருக்கும்: இந்த நொடியில் எஞ்சின் நின்றுபோனால் எங்கே விழும்? வரைபடத்தில் அந்தப் புள்ளி நகர்ந்துகொண்டே போகும். மக்கள் வாழும் நிலத்தை அது தொடக் கூடாது. சென்னையைத் தொடக் கூடாது, மாமல்லபுரத்தைத் தொடக் கூடாது, இலங்கையைத் தொடக் கூடாது. எல்லாம் நன்றாக நடந்தாலும், எரிந்து முடிந்த அடுக்குகள் கடலில் விழத்தான் செய்யும். 2019 டிசம்பரில் புதுச்சேரி மீனவர்கள், பி.எஸ்.எல்.வி.யின் பக்கவாட்டு மோட்டார் கூடு ஒன்றைக் கடலில் கண்டு கரைக்கு இழுத்து வந்தார்கள்.

ஆகவே துருவப் பாதைக்குப் போகும் பி.எஸ்.எல்.வி. முதலில் தென்கிழக்கே, கடலுக்கு மேல் போகிறது. இலங்கையைச் சுற்றிக்கொண்ட பிறகு தெற்கே திரும்புகிறது. அட்லஸில் வரைந்தால் நாயின் பின்னங்கால் மாதிரி ஒரு மடிப்பு விழும்.

திரும்புவது சும்மா நடக்காது. காம்பஸை எடுங்கள். ஒரு புள்ளியிலிருந்து 5 செ.மீ. நீளத்தில் ஓர் அம்பு வரையுங்கள். அது ராக்கெட் இப்போது போகும் வேகமும் திசையும். அதே புள்ளியிலிருந்து, 60 பாகை தள்ளி, இன்னொரு 5 செ.மீ. அம்பு. அது நமக்கு வேண்டிய திசை. இரண்டு அம்புகளின் முனைகளையும் இணையுங்கள். அந்த மூன்றாவது கோடுதான் எஞ்சின் கூடுதலாகத் தள்ள வேண்டிய அளவு. அளந்து பாருங்கள்: அதுவும் 5 செ.மீ.! மூன்று பக்கமும் சமமான முக்கோணம். வேகத்தைக் கொஞ்சமும் கூட்டாமல் திசையை மட்டும் 60 பாகை மாற்ற, கையில் இருக்கும் வேகம் முழுவதற்கும் ஈடான தள்ளு வேண்டும். உண்மையில் ராக்கெட் வேகம் எடுத்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புவதால் செலவு இவ்வளவு ஆகாது. ஆனாலும் மெதுவாகப் போகும்போதே திரும்பிவிட்டால் மலிவு, வேகம் எடுத்த பிறகு திரும்பினால் விலை அதிகம் என்பது முக்கோணத்திலேயே தெரிகிறது. நடுவில் இலங்கை இருப்பதால் சீக்கிரம் திரும்ப முடியாது.

அந்த விலை எவ்வளவு பெரியது என்பதற்கு அரிசி மூட்டைக்கு வாருங்கள். இ.ஓ.எஸ்-04ஐக் கொண்டுபோன ராக்கெட் சுமார் 320 டன். அதில் செயற்கைக்கோள் 1,710 கிலோ. ராக்கெட்டை 25 கிலோ அரிசி மூட்டை என்று வைத்துக்கொண்டால், செயற்கைக்கோள் சுமார் 134 கிராம்! ஒரு சின்ன டம்ளர் அரிசி. திரும்பும் செலவு அந்த டம்ளரிலிருந்துதான் குறையும். பெரிய ராக்கெட் தாங்கிக்கொள்ளும். 120 டன் எடையுள்ள சின்ன எஸ்.எஸ்.எல்.வி.க்கு டம்ளரே ரொம்பச் சின்னது, அதில் குறைந்தால் மிச்சம் ஒன்றுமில்லை.

பெரியவர் இன்னொன்றும் சொன்னார்: "நீரோட்டத்தோட போனா டீசல் மிச்சம். எதுத்துப் போனா தின்னுடும்." பூமிக்கும் ஒரு நீரோட்டம் உண்டு. ஸ்ரீஹரிகோட்டா நிலமே நொடிக்கு சுமார் 450 மீட்டர் வேகத்தில் கிழக்கே ஓடிக்கொண்டிருக்கிறது. கிழக்கே விட்டால் அந்த வேகம் இலவசம். விண்மீன்களை ஆராயும் ஆஸ்ட்ரோசாட் (2015 செப்டம்பர் 28), எக்ஸ்போசாட் (2024 ஜனவரி 1) இரண்டும் அந்த இலவசத்தை வாங்கிக்கொண்டு நிலநடுக்கோட்டை ஒட்டிய பாதைக்குப் போனவை. இரண்டும் எக்ஸ் கதிரைப் பார்ப்பவை: கருந்துளையை நெருங்கும் வாயு கொதித்து எக்ஸ் கதிரை உமிழ்கிறது. நம் காற்று மண்டலம் அதைத் தடுத்துவிடுவதால் மேலே போய்த்தான் பார்க்க வேண்டும். மேலேயும் சில இடங்களில் மின்னேற்றத் துகள்கள் கருவியின் கண்ணைக் கூச வைக்கும். நிலநடுக்கோட்டுப் பக்கம் அந்தத் தொல்லை குறைவு. ஆக, தென்கிழக்கே போய்த் தெற்கே திரும்பினால் அது பெரும்பாலும் பூமியைப் பார்க்கப் போகிறது. பி.எஸ்.எல்.வி. கிழக்கே போனால் வேறு எதையாவது தேடிப் போகலாம்.

இனி பணக் கணக்கு. தூத்துக்குடி மாவட்டத்தில், தசராவுக்குப் பெயர் போன குலசேகரப்பட்டினத்தில், எஸ்.எஸ்.எல்.வி.க்கென்று புதிய ஏவுதளம் வருகிறது. 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். திட்டச் செலவு சுமார் 986 கோடி ரூபாய். அட்லஸில் அங்கிருந்து தெற்கே கோடு இழுங்கள்: இலங்கை கிழக்கே ஒதுங்கிவிடும், முன்னே வெறும் கடல். திரும்ப வேண்டாம். ஒரு தடவை பெரிய செலவு. அப்புறம் ஒவ்வொரு ஏவுதலிலும் மிச்சம். எத்தனை ஏவுதலில் போட்ட பணம் திரும்பும் என்பதைப் பார்த்துத்தான் பொருளாதாரம் படித்தவர்கள் சரி, தவறு சொல்வார்கள். நிறைய ஏவினால் லாபம், எப்போதாவது ஏவினால் நஷ்டம்.

அக்கா மகள் வீட்டுக்கு வந்ததும் குலசேகரப்பட்டினத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் ஸ்கேல் வைத்து அளந்தாள். 500 கிலோமீட்டருக்கும் மேல். ராக்கெட் இருபது கிலோமீட்டர் ஏறினாலும் அடிவானத்துக்குக் கீழேதான் இருக்கும், அதுவும் நம்மை விட்டு விலகியே போகும். "அப்ப சின்ன ராக்கெட் அந்தத் தாத்தாவுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள். பெரும்பாலும் தெரியாது. பி.எஸ்.எல்.வி. மட்டும் வழக்கம்போல வடக்கே எழும்பி, அவர் படகை விட்டு ஒதுங்கி, கடல் மேல் வளைந்து போகும்.