தீயினாலும் புகையினாலும் கறுத்த செங்கற் சுவர்களைச் சுத்தம் செய்தல்

வீட்டில் ஏற்பட்ட தீ அணைக்கப்பட்டதும், கறுத்த சுவரைத் தண்ணீரால் கழுவவே பலரும் முற்படுகின்றனர். இதனால் கறை நிரந்தரமாகிவிடக்கூடும். புகைக்கரியில் நுண்ணிய கரித்துகள்களும் எண்ணெய்ப்பசையும் கலந்துள்ளன. செங்கல் நுண்துளைகள் நிறைந்தது. நீர் பட்டதும் கரி அத்துளைகளுக்குள் இறங்கிப் படிந்துவிடும்.

முதலில் கவனிக்க வேண்டியவை

லண்டன் தீயணைப்புப் படையினர் அனுமதித்த பின்னரே வீட்டினுள் செல்ல வேண்டும். தகுதிபெற்ற மின்னியலாளர் பரிசோதிக்கும் வரை மின்சாரத்தைப் பயன்படுத்தலாகாது. எதையும் துடைப்பதற்கு முன்னர் சேதங்களைப் புகைப்படம் எடுத்து, காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவித்தல் அவசியம். வாடகைக்குக் குடியிருப்போர் வீட்டு உரிமையாளருக்கும் அறிவிக்க வேண்டும். சுவரில் புதிய வெடிப்போ புடைப்போ காணப்பட்டால், கட்டமைப்புப் பொறியியலாளரின் ஆலோசனை தேவை. 2000ஆம் ஆண்டுக்கு முன்னர் கட்டப்பட்ட வீடுகளில் அஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடுமாதலால், உடைந்த கூரைத் தகடுகளைத் தொடலாகாது.

சுத்தம் செய்யும் முறை

முகக்கவசமும் கையுறையும் அணிந்து, சன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும். சுவர் உலர்ந்த பின்னர், நுண்துகள் வடிகட்டியுள்ள தூசி உறிஞ்சும் கருவியால் கரியைத் தேய்க்காமல் அகற்றலாம். அடுத்து, புகைக்கரி துடைப்பதற்கென விற்கப்படும் உலர் இறப்பர் பஞ்சினால் ஒரே திசையில் துடைக்க வேண்டும். எஞ்சிய கறைக்கு மட்டும் மென்மையான சவர்க்கார நீரைப் பயன்படுத்தலாம். அதனையும் முதலில் மறைவான சிறு பகுதியில் சோதித்துப் பார்க்க வேண்டும். கீழிருந்து மேல்நோக்கிக் கழுவினால், அழுக்குநீர் உலர்ந்த செங்கல்லில் கோடுகளாகப் படியாது.

தவிர்க்க வேண்டியவை

மணல் வீச்சும் கம்பித் தூரிகையும் செங்கல்லின் கடினமான மேற்பரப்பை அழித்துவிடும். அதன் பின்னர் மழையும் உறைபனியும் அதை உதிர்க்கும். அமிலம் பழைய வீடுகளின் சுண்ணாம்புச் சாந்தைக் கரைத்துவிடும். ஈரமான சுவருக்கு அவசரப்பட்டு வண்ணம் பூசினால் கறையும் புகைநாற்றமும் மீண்டும் வெளிப்படும். தடித்த சுவர்கள் உலர நீண்ட காலம் எடுக்கும். 1992 நவம்பர் 20ஆம் திகதி தீப்பற்றிய வின்ட்சர் கோட்டையின் சீரமைப்பு 1997ஆம் ஆண்டிலேயே நிறைவுற்றது.

ஹரோ-ஒன்-த-ஹில் போன்ற பகுதிகளில் பட்டியலிடப்பட்ட பழைய கட்டடங்கள் பல உள்ளன. அத்தகைய கட்டடத்தின் சுவரைச் சுத்தம் செய்யுமுன் ஹரோ கவுன்சிலின் திட்டமிடல் பிரிவைக் கலந்தாலோசிக்க வேண்டும். அனுமதி பெறாமல் அதன் தோற்றத்தை மாற்றுவது சட்டப்படி குற்றமாகலாம்.

சுவாமி அறையில் விளக்கினாலும் கற்பூரத்தினாலும் படியும் கரிக்கும் இதே உலர் முறை பொருந்தும். தீ ஏற்படாது காக்க, லண்டன் தீயணைப்புப் படை வழங்கும் இலவச வீட்டுத் தீப்பாதுகாப்பு ஆலோசனையைக் குடியிருப்பாளர்கள் பெற்றுக்கொள்ளலாம்.