சென்னையைச் சுற்றியுள்ள குறும்பயணங்கள்

சென்னையைச் சுற்றியுள்ள குறும்பயணங்கள் என்பன சென்னை மாநகரிலிருந்து காலையில் புறப்பட்டு அன்றிரவே திரும்பும் ஒருநாள் பயணங்களையும், ஓரிரவு வெளியில் தங்கி மறுநாள் திரும்பும் பயணங்களையும் குறிக்கும். இவற்றுக்குரிய இடங்கள் தமிழ்நாட்டின் வட மாவட்டங்களிலும், புதுச்சேரியிலும், ஆந்திரப் பிரதேசத்தின் தென்கோடியிலும் அமைந்துள்ளன. இப்பயணங்களைத் திட்டமிடுகையில் தொலைவைவிட நேரமே முதன்மையானது. நகரைக் கடக்க ஆகும் நேரம், கோயில் நடை சாத்தப்படும் நேரம், வார விடுமுறை, பருவம் ஆகியவற்றைக் கருதாது புறப்படுவோர் 75 கிமீ பயணம் செய்து பூட்டிய கதவையோ வறண்ட ஏரியையோ கண்டு திரும்ப நேரிடும்.

நகரைவிட்டு வெளியேறல்

கிழக்கில் வங்காள விரிகுடா இருப்பதால் சென்னையிலிருந்து வெளியேறும் சாலைகள் மூன்று திசைகளிலேயே செல்கின்றன. தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையும் செங்கல்பட்டு வழியாகச் செல்லும் ஜி. எஸ். டி. சாலையும், மேற்கே பெங்களூரு நெடுஞ்சாலையும், வடக்கே கொல்கத்தா நெடுஞ்சாலையும் முக்கியமானவை. 2023 டிசம்பர் இறுதியில் வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டபின், தென் மாவட்டப் பேருந்துகள் கோயம்பேட்டிலிருந்து அங்கு மாற்றப்பட்டன. ஆகவே வடசென்னையில் வசிக்கும் ஒருவர் செஞ்சிக்கோ திருவண்ணாமலைக்கோ செல்வதாயின், முனையத்தை அடையும் நேரத்தையும் பயண நேரத்தோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். தொடர் விடுமுறையின் இறுதி நாள் மாலையில் ஜி. எஸ். டி. சாலை வழியே திரும்புவது, போன நேரத்தைப்போல் இருமடங்கு எடுப்பதும் உண்டு.

சாலை நெரிசலைத் தவிர்க்கப் புறநகர் மின்தொடர்வண்டிகள் உதவும். இவை தெற்கே செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வரையிலும், மேற்கே அரக்கோணம், திருத்தணி வரையிலும், வடக்கே கும்மிடிப்பூண்டி, சூலூர்பேட்டை வரையிலும் செல்கின்றன. எனினும் கடற்கரையை ஒட்டிய மாமல்லபுரத்துக்குத் தொடர்வண்டிப் பாதை இல்லை.

காஞ்சிபுரமும் மாமல்லபுரமும்

சென்னையிலிருந்து ஏறத்தாழ 75 கிமீ தொலைவில் காஞ்சிபுரமும், 55 கிமீ தொலைவில் மாமல்லபுரமும் உள்ளன. இரண்டையும் ஒரே நாளில் காண விரும்புவோர் பலர். சொந்த வாகனமோ வாடகை வாகனமோ இருந்தால் இது இயலும். ஆனால் வரிசை மாறக்கூடாது. காஞ்சிபுரத்தின் பெரும்பாலான கோயில்கள் நண்பகலில் நடை சாத்தப்பட்டு மாலை நான்கு மணியளவிலேயே மீண்டும் திறக்கப்படுகின்றன. மாமல்லபுரத்தின் கடற்கரைக் கோயிலும் ஐந்து இரதங்களும் வழிபாட்டு நேரத்துக்குக் கட்டுப்படாத தொல்லியல் சின்னங்கள். அவற்றுக்கு நண்பகல் அடைப்பு இல்லை. எனவே விடியற்காலையில் காஞ்சிபுரம் சென்று, கைலாசநாதர், ஏகாம்பரநாதர், வரதராசப் பெருமாள் கோயில்களை நண்பகலுக்குள் கண்டு, செங்கல்பட்டு வழியாக மாமல்லபுரத்தை அடைவதே பொருந்தும். எதிர் வரிசையில் செல்வோர் காஞ்சியில் பிற்பகல் முழுதும் பட்டுக் கடைகளில் கழிக்க நேரும். சிலருக்கு அதுவே நோக்கமாகவும் இருக்கலாம்.

கிழக்கு நோக்கிய அருச்சுனன் தபசுப் பாறைச் சிற்பம் காலை வெயிலிலேயே தெளிவாகத் தெரியும். மாமல்லபுரத்தின் மரபுச் சின்னங்கள் 1984-இல் யுனெஸ்கோவின் உலக பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டன. இவற்றை நிதானமாகக் காண விரும்புவோர் ஒரு நாளை இதற்கென்றே ஒதுக்குதல் நன்று. வழியில் முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்திரா அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கும் அவ்வாறே. மாமல்லபுரக் கடலில் நீரோட்டம் வலிமையானது. கால் நனைப்பதற்கு மேல் இறங்குவது உயிருக்கு ஆபத்தாகும்.

வேடந்தாங்கல்

வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயம் ஏறத்தாழ 80 கிமீ தொலைவில் உள்ள ஓர் ஏரியாகும். 1798-இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த லயோனல் பிளேஸ், கிராமத்தாரின் வேண்டுகோளை ஏற்று இங்குள்ள பறவைகளைக் காக்க ஆணை வழங்கினார். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயல்களுக்கு உரமாவதால் அவற்றைக் காப்பதில் உழவர்களுக்கு நேரடிப் பயன் இருந்தது. தீபாவளிக்கும் இவ்வூரார் வெடி வெடிப்பதில்லை.

நவம்பர் முதல் மார்ச் வரை இங்கு செல்ல ஏற்ற காலம். எனினும் நாட்காட்டியை மட்டும் நம்புதல் கூடாது. வடகிழக்குப் பருவமழை பொய்த்து ஏரி நிரம்பாவிட்டால் பறவைகள் கூடு கட்ட வருவதில்லை. ஏரியில் நீர் உள்ளதா என்பதை முன்னரே விசாரித்தறிந்து செல்வது நன்று. அதிகாலையிலும், இரை தேடச் சென்ற பறவைகள் கூடு திரும்பும் மாலையிலும் காட்சி சிறக்கும். அருகிலுள்ள கரிக்கிலியும் வேடந்தாங்கலும் 2022-இல் ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன.

வடக்கு நோக்கி

பழவேற்காடு ஏரி, சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். 17-ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் இங்கு கோட்டை கட்டி வணிகம் செய்தனர். அவர்களது கல்லறைத் தோட்டம் இன்றும் உள்ளது. 2011 டிசம்பர் 25 அன்று சுற்றுலா வந்தோரை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றும் படகிலும், உயிர்காப்பு மேலாடை தராத படகிலும் ஏறாதிருப்பதே பாதுகாப்பு.

இதே திசையில் சிறீஅரிகோட்டா ஏவுதளத்தில் 2019 முதல் பொதுமக்கள் ஏவூர்தி ஏவப்படுவதைக் காண மாடம் உள்ளது. இதற்கு முன்பதிவு தேவை. ஏவும் நாள் கடைசி நேரத்தில் தள்ளிப்போவது இயல்பாதலால், அதற்கென நெடுந்தொலைவிலிருந்து உறவினரை வரவழைத்துத் திட்டமிடுவது ஏமாற்றம் தரக்கூடும்.

ஓரிரவுப் பயணங்கள்

ஏறத்தாழ 150 கிமீ-க்கு அப்பாலுள்ள இடங்களுக்கு ஓரிரவுத் தங்கல் பொருந்தும். செஞ்சிக் கோட்டையைக் காண இது குறிப்பாகத் தேவைப்படுகிறது. மூன்று குன்றுகளில் பரந்துள்ள இக்கோட்டையின் இராசகிரி உச்சிக்குச் செங்குத்தான படிகளில் ஏற வேண்டும். பிற்பகலுக்குப்பின் ஏற அனுமதிப்பதில்லை. சென்னையிலிருந்து காலையில் புறப்படுவோர் கடும் வெயிலில்தான் அடிவாரத்தை அடைவர். முந்தைய இரவே திண்டிவனத்திலோ செஞ்சியிலோ தங்கி விடியலில் ஏறுதல் எளிது. ஏப்ரல், மே மாதங்களில் தவிர்ப்பது நலம். 2025-இல் மராட்டியர் படைத்துறை நிலத்தோற்றங்களின் பகுதியாக இக்கோட்டையும் உலக பாரம்பரியக் களமானது.

புதுச்சேரிக்கும், 14 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஏலகிரிக்கும் வார இறுதியில் அறை கிடைப்பது அரிது. திருவண்ணாமலையில் முழுநிலவு நாளன்று 14 கிமீ கிரிவலத்துக்குப் பெருந்திரள் கூடும். கிரிவலம் நோக்கமல்லாதோர் வேறு நாளைத் தேர்வு செய்யலாம்.

மலையேற்றத்துக்குச் செல்வோர் வனத்துறை அனுமதி பெறுதல் கட்டாயமாகும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் ஏற்பட்ட காட்டுத்தீயில் சிக்கி, சென்னையிலிருந்து வார இறுதி மலையேற்றத்துக்குச் சென்றவர்கள் உட்பட 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன்பின் அவ்வாண்டிலேயே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் கொண்டுவரப்பட்டன. 2024-இல் வனத்துறை 40 மலையேற்றப் பாதைகளை இணையவழி முன்பதிவுடன் திறந்தது. காட்டுத்தீ அபாயம் மிகுந்த கோடைத் தொடக்கத்தில் இப்பாதைகள் மூடப்படுவதுண்டு.