எட்டுக் குழந்தைகளின் சராசரி

பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்ற பேச்சு, மே மாதம் வந்தால் தரங்கம்பாடி வட்டாரத்து வீடுகளிலும் எழும். ஊரில் இருக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியா, வாசலுக்கே வேன் அனுப்பும் தனியார் பள்ளியா? முன்பெல்லாம் அக்கம்பக்கத்தார் சொல்வதுதான் ஆதாரம். இன்று ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க யூடைஸ் எண் இருக்கிறது. அதை வைத்து, அங்கே எத்தனை மாணவர், எத்தனை ஆசிரியர், கழிப்பறை உண்டா என்று யாரும் பார்த்துவிடலாம். மாநில அரசின் எமிஸ் தளத்திலோ ஒவ்வொரு குழந்தையின் வருகை, சமூகப் பிரிவு, மதிப்பீடு வரை பதிவாகின்றன. இவ்வளவு விவரம் இருந்தும் ஒரு பள்ளியைப் பற்றித் தவறான முடிவுக்கு வருவது மிக எளிது.

முதல் சிக்கல் சாதாரணக் கணக்கு. கல்வி உரிமைச் சட்டப்படி, 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். தமிழ்நாட்டின் மொத்தக் கருவள விகிதம் 2020இல் 1.4 ஆக இறங்கிவிட்டது. சேர வேண்டிய குழந்தைகளே குறைந்துவருகிறார்கள். 40 பேர் படிக்கும் ஈராசிரியர் பள்ளி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஐந்து வகுப்புகளுக்குப் பங்கிட்டால் வகுப்புக்கு எட்டுப் பேர். அதில் ஒரு குழந்தை என்பது 12.5 சதவீதம். மூன்றாம் வகுப்பில் வாசிக்கத் தெரிந்தவர்கள் போன வருடம் 75 சதவீதம், இந்த வருடம் 50 சதவீதம் என்றால் பள்ளி சரிந்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் வித்தியாசம் இரண்டே குழந்தைகள். ஒருவர் நடுவில் வேறு ஊரிலிருந்து வந்து சேர்ந்தவராக இருக்கலாம். இன்னொருவர் பருவம் முழுக்க உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கலாம்.

மாணவர் கற்றதை அளக்க 2021 நவம்பர் 12 அன்று நடந்த தேசிய அடைவு ஆய்வும், 2024 டிசம்பர் 4 அன்று நடந்த ‘பரக்’ ஆய்வும் மாதிரிக்குத் தேர்ந்தெடுத்த பள்ளிகளில் மட்டும் நடந்தவை. மாவட்டத்தின் நிலையை அறிய அவை உதவும். மாவட்டச் சராசரியை நம் தெருப் பள்ளியின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

அடுத்தது, வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்பது. தரங்கம்பாடி அடங்கிய மயிலாடுதுறை தனி மாவட்டமாவதற்கு முன் நாகப்பட்டினத்தோடு இருந்தபோது எடுத்த 2011 கணக்கெடுப்பில், பட்டியல் சாதியினர் அம்மாவட்டத்தில் 31 சதவீதத்துக்கும் மேல்; மாநிலச் சராசரி 20 சதவீதம்தான். கடலோரத்தில் மீனவக் குடும்பங்கள், உள்ளே வயல்வேலைக்குப் போகும் குடும்பங்கள். கட்டணம் கட்டக்கூடியவர்கள் வேனில் போன பிறகு ஒன்றியப் பள்ளியில் எஞ்சுவது பெரும்பாலும் இவர்கள் வீட்டுப் பிள்ளைகள். இரு பள்ளிகளின் மதிப்பெண்ணையும் பக்கத்தில் வைத்தால், ஆசிரியரின் திறமையோடு பெற்றோரின் படிப்பும் வருமானமும் டியூஷனும் சேர்ந்தே அதில் தெரியும்.

ஜூன் மாதத்தையே பாருங்கள். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. வயலில் வேலை கிடைப்பது அதற்கும் பிறகு. ஆக, பள்ளி திறக்கும் நேரத்தில் கடலிலும் கூலியில்லை, கழனியிலும் கூலியில்லை. வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டுவதும் சுமைதான். பக்கத்து மாவட்டமான நாகையின் திருக்குவளையில், 2023 ஆகஸ்ட் 25 அன்று, முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டதை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும்.

குழந்தைகளை எண்ணும் வேலை இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு, அடுத்த ஆண்டே இங்கே பள்ளி தொடங்கினார். பெண் குழந்தைகளுக்கும் சேர்த்து. நூறாண்டு கழித்து சி. எஸ். ஜான் என்ற மிஷனரி, 15 தமிழ்ப் பள்ளிகளிலும் 5 ஆங்கிலப் பள்ளிகளிலும் கட்டணமில்லாமல் கற்பித்துப் பார்த்த அனுபவம், 1813இல் லண்டனில் அறிக்கையாக அச்சானது. 1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, எந்தெந்தச் சாதியில் எத்தனை ஆண், எத்தனை பெண் படிக்கிறார்கள் என்று எல்லா மாவட்ட ஆட்சியர்களிடமும் கணக்குக் கேட்டார். தரங்கம்பாடி அப்போது டேனியர் வசம் இருந்ததால் அந்தக் கணக்கில் வரவில்லை. மாகாணத்தில் கிடைத்த தொகை 12,498 பள்ளிகள், 1,88,650 பேர்; அவர்களில் பெண்கள் 4,540.

அந்த அட்டவணை, யாருக்கு எவ்வளவு தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால், யார் உள்ளே வரவே இல்லை என்பதைச் சொல்லிவிட்டது. வருகைப் பதிவேட்டில் எதற்குச் சாதி என்று முகம் சுளிப்பவர்களுக்கு என் பதில் இதுதான்: சேரிப் பிள்ளையும் குப்பத்துப் பிள்ளையும் மற்றவர்களுக்குச் சமமாகக் கற்கிறார்களா என்பதை அறிய அந்தப் பத்தி இருந்தே ஆக வேண்டும். அதை வகுப்பில் உரக்கப் படிக்கத்தான் கூடாது.

கற்றலை அளக்க ஓரளவு நியாயமான வழி, 2022 ஜூன் 13 அன்று தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் இருக்கிறது. குழந்தைகளை வயதைப் பார்க்காமல், தெரிந்ததைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்கள். நம் பழைய திண்ணைப் பள்ளிகளிலும் வயதுவாரி வகுப்பு இருந்ததில்லை. மூத்த பிள்ளை இளையவனுக்குச் சொல்லிக்கொடுப்பான். சென்னையில் இருந்த ஆண்ட்ரூ பெல் அந்த முறையைத்தான் 1790களில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். ஜூனில் அரும்பில் இருந்த குழந்தை டிசம்பரில் மொட்டுக்கு வந்ததா? சிறிய பள்ளியைப் பொறுத்தவரை சராசரியைவிட இந்தக் கேள்விக்குத்தான் மதிப்பு அதிகம். இதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு ஆசிரியரில் ஒருவர் பயிற்சிக்குப் போய், மற்றவர் ஐந்து வகுப்பையும் பார்த்துக்கொண்டு கைபேசியில் விவரமும் ஏற்றிக்கொண்டிருந்தால், ஏறும் எண்ணையும் நம்ப முடியாது, நடக்கும் பாடத்தையும் நம்ப முடியாது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அடுத்த கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள். தேர்ச்சி எத்தனை சதவீதம் என்று கேட்க வேண்டாம். அரும்பிலேயே நிற்கும் குழந்தைகள் யார், அவர்கள் எந்த மாதங்களில் பள்ளிக்கு வரவில்லை, இரண்டாவது ஆசிரியர் வராத நாட்கள் எத்தனை என்று கேளுங்கள்.