இலவச வைத்தியத்துக்கு நுழைவுச் சீட்டு

பிரிட்டனில் மருத்துவமனைக்குப் போனால் காசு கேட்க மாட்டார்கள் என்பது பாதி உண்மை. வெளிநாட்டவரிடம் அதை விசா விண்ணப்பத்தோடு சேர்த்தே வாங்கிவிடுகிறார்கள் என்பது மீதி உண்மை.

2015 ஏப்ரலில் சுகாதாரக் கூடுதல் கட்டணம் அறிமுகமானபோது அது ஆண்டுக்கு 200 பவுண்டு. 2024 பிப்ரவரியில் 1,035 பவுண்டாக எகிறியது. மாணவர்களுக்கும் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கும் 776. மூன்றாண்டு விசாவில் மனைவி, இரண்டு குழந்தைகளோடு லண்டனுக்குக் கிளம்பும் சாஃப்ட்வேர் எஞ்சினியர் ஒருவர் விமானம் ஏறுமுன் கட்ட வேண்டிய தொகை 10,866 பவுண்டு. நம் பணத்தில் 10 லட்சத்துக்கும் மேல். அங்கு போய்ச் சம்பாதிக்கத் தொடங்கியதும் வருமான வரியும் தேசியக் காப்பீட்டுச் சந்தாவும் தனி. ஒரே வைத்தியத்துக்கு இரண்டு முறை பணமா என்று குடியேறியவர்கள் முணுமுணுக்கிறார்கள். உள்ளூர்க்காரர்கள் வரி கட்டி வளர்த்த சேவையில் புதிதாக வருபவர்களும் பங்கு செலுத்துவதுதான் நியாயம் என்கிறது அரசு.

1948 ஜூலை 5இல் தேசிய சுகாதாரச் சேவையை அமைச்சர் அனூரின் பெவன் தொடங்கிவைத்தபோது, வெளிநாட்டவர் என்ற பேதம் பார்க்கப்படவில்லை. கட்டணம் வசூலிக்கும் அதிகாரம் மறு ஆண்டே சட்டத்தில் ஏறியது. ஆனால் மருத்துவமனைகள் வசூலில் இறங்கியது 1982இல்தான்.

மகனையோ மகளையோ பார்க்க ஆறு மாத விசாவில் செல்லும் பெற்றோரின் கதை வேறு. அவர்களுக்குக் கூடுதல் கட்டணமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. இங்கிலாந்தில் குடும்ப டாக்டரைப் பார்ப்பதும் அவசர சிகிச்சைப் பிரிவும் எவருக்கும் இலவசம். அங்கிருந்து வார்டுக்கு மாற்றினால் மீட்டர் ஓட ஆரம்பித்துவிடும். வழக்கமான செலவைப் போல் ஒன்றரை மடங்கு! உயிருக்கு ஆபத்து என்றாலோ பிரசவம் என்றாலோ பணமில்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. ஆனால் பில் பின்னாலேயே வரும். 500 பவுண்டு பாக்கி இரண்டு மாதத்துக்கு மேல் நின்றால் அடுத்த விசா மறுக்கப்படலாம். காசநோய், எச்.ஐ.வி. போன்ற தொற்றுகளுக்கு மட்டும் விலக்கு. சிகிச்சை தள்ளிப்போனால் ஆபத்து ஊருக்கல்லவா?

அவசரமில்லாத சிகிச்சைக்கு முன்பணம் கட்டாயம் என்ற விதி 2017 அக்டோபரில் வந்தது. வெளிநாட்டவரைக் குறிவைத்த இந்தக் கெடுபிடியில் உள்ளூர்வாசிகளும் சிக்கினார்கள். ஜமைக்காவிலிருந்து வந்து 44 ஆண்டுகள் லண்டனில் வாழ்ந்த புற்றுநோயாளி ஒருவரிடம் ஆவணம் இல்லை. கதிர்வீச்சு சிகிச்சைக்கு அவரிடம் கேட்கப்பட்ட தொகை 54,000 பவுண்டு. 2018இல் விஷயம் பத்திரிகைகளில் வெடித்த பிறகே சிகிச்சை கிடைத்தது.

கோவிட் காலத்தில் இன்னொரு முரண்பாடு அம்பலமானது. நோயாளிகளைக் காக்கும் வெளிநாட்டு நர்ஸ்களும் டாக்டர்களும் அதே மருத்துவமனைக்காகக் கூடுதல் கட்டணம் செலுத்தி வந்தார்கள். எதிர்ப்பு வலுத்ததும், 2020 மே மாதம் பிரதமர் போரிஸ் ஜான்சன் பணிந்தார். அவர்களுக்கு விலக்கு கிடைத்தது. அந்த மருத்துவமனைகளில் பிரிட்டிஷாருக்கு அடுத்தபடி அதிகமாகப் பணியாற்றுவது இந்தியர்கள்.

மற்றவர்களுக்கு வழி ஒன்றுதான். பெற்றோரை அழைப்பவர்கள் விமான டிக்கெட்டோடு இன்ஷூரன்ஸும் எடுத்துவிடுவது நல்லது. ஏற்கெனவே உள்ள சர்க்கரை, இதய நோய்க்கும் அது பொருந்துமா என்று படித்துப் பார்த்த பிறகு.