வர ஒரு டிக்கெட்

கொல்லிமலைக்கு ரயில் கிடையாது. வளப்பூர் நாட்டில் அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்து ஊர்க்காரர் சென்னைக்குப் போக வேண்டுமானால், செம்மேடு வந்து பஸ் ஏறி, 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, காரவள்ளி வழியாக நாமக்கல் போய்ச் சேர்ந்தால்தான் தண்டவாளமே கண்ணில் படும். நாமக்கல்லுக்கே ரயில் வந்தது 2013இல்தான், சேலம்–கரூர் பாதை திறந்தபோது. இப்போது சென்னை–பாலக்காடு வண்டியும் (ஊரில் அதற்குப் பெயர் பழனி எக்ஸ்பிரஸ்) பெங்களூரு–நாகர்கோவில் வண்டியும் அந்த வழியே ஓடுகின்றன. பிழைப்புக்காக மலை இறங்கிய பிள்ளைகளுக்கு இவை வசதியான வண்டிகள். ஊருக்கு வர டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். திரும்பிப் போகும் டிக்கெட்டில்தான் சிக்கல்.

ஆடிப் பதினெட்டை எடுத்துக்கொள்வோம். செம்மேட்டில் வல்வில் ஓரி விழா, அறப்பளீஸ்வரர் கோயிலில் கூட்டம், ஆகாய கங்கை அருவியில் குளியல். ஆகஸ்ட் 3 பெரும்பாலும் அந்த நாள். ஜூலை 31 இரவு சென்னையில் ஏறி, ஆகஸ்ட் 3 இரவு நாமக்கல்லில் திரும்ப ஏறுவதாகத் திட்டம் என்றால், இரண்டையும் ஒரே நாளில் பதிவு செய்ய முடியாது. 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. போகும் டிக்கெட் ஜூன் 1 காலை 8 மணிக்குத் திறக்கும். வரும் டிக்கெட் ஜூன் 4 காலை 8 மணிக்கு. முதல் நாள் கன்ஃபார்ம் வாங்கியவருக்கு நான்காம் நாள் வெயிட்டிங் லிஸ்ட் கிடைத்தால், ஊருக்குப் போவதா வேண்டாமா என்ற பட்டிமன்றம் வீட்டில் அப்போதே தொடங்கிவிடும்.

உண்மையில் நம் தொலைதூர ரயில்களில் ரிட்டர்ன் டிக்கெட் என்று தனியாக ஒன்று இல்லை. இருப்பது இரண்டு ஒருவழி டிக்கெட்டுகள். இது குறைபோலத் தோன்றினாலும், எனக்கு இதுதான் பயணியின் சுதந்திரம் என்று படுகிறது. ஒன்றை ரத்து செய்தால் மற்றதற்கு ஒன்றும் ஆகாது. போக ரயில், வர பஸ் என்று மாற்றிக்கொள்ளலாம். அரசு விரைவு பஸ்ஸில் போக வரச் சேர்த்து முன்பதிவு செய்தால் திரும்பும் கட்டணத்தில் 10 சதவீதம் தள்ளுபடி உண்டு, பண்டிகை நாட்கள் நீங்கலாக.

ரயில்வே நிஜமான ரிட்டர்ன் டிக்கெட் ஒன்றை விற்றுப் பார்த்தது 2025 தீபாவளிக்கு. ஆகஸ்ட் 14 அன்று பதிவு தொடங்கியது. ஒரே பயணிகள், ஒரே வகுப்பு, அதே இரு ஊர்கள் என்றால் திரும்பும் பயணத்தின் அடிப்படைக் கட்டணத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. திரும்பும் டிக்கெட்டுக்கு 60 நாள் கணக்கும் பொருந்தாது. போகும் டிக்கெட்டோடு சேர்த்தே எடுத்துவிடலாம். இதுவரை கேட்டால் யாருக்கும் ஆசை வரும். நிபந்தனைகள் அதற்கடுத்து வந்தன: இரண்டும் கன்ஃபார்ம் ஆக வேண்டும், தேதி மாற்ற முடியாது, ரத்து செய்தால் ஒரு பைசாவும் திரும்பாது.

சென்னை–நாமக்கல் ஸ்லீப்பருக்கு அந்த 20 சதவீதம் 50 ரூபாய்க்குள்தான் வரும். சாதாரண டிக்கெட்டாக எடுத்திருந்தால், அன்றைய விதிப்படி 48 மணி நேரத்துக்கு முன்பு ரத்து செய்தவருக்கு 120 ரூபாய் பிடித்தம் போக மீதி கைக்கு வரும். 50 ரூபாய் மிச்சத்துக்காக இரண்டு டிக்கெட் பணத்தையும் பணயம் வைக்கச் சொன்ன திட்டம் இது.

அதைவிட வேடிக்கை தேதிகள். போகும் பயணம் அக்டோபர் 13 முதல் 26க்குள்; திரும்புவது நவம்பர் 17 முதல் டிசம்பர் 1க்குள். தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. செவ்வாய் இரவோ புதன் இரவோ திரும்ப வண்டியேறும் தமிழ்நாட்டுக்காரருக்கு இதில் என்ன இருக்கிறது? பீகார் பக்கத்து ஆட்கள் தீபாவளிக்கு ஊர் போய், சட் பூஜையும் முடித்து, மெதுவாகத் திரும்புவார்கள். அந்தப் பஞ்சாங்கத்தை வைத்து வரைந்த திட்டம். நெரிசலைப் பரப்பி, வண்டிகள் இரு பக்கமும் நிறைந்து ஓட வேண்டும் என்பது ரயில்வேயின் நோக்கம். நோக்கம் சரிதான், பஞ்சாங்கம் நம்முடையதல்ல.

பிரிட்டனில் கதை நேர்மாறு. அங்கே பல வழித்தடங்களில் ஒருவழி டிக்கெட்டும் ரிட்டர்னும் சில பென்ஸ் வித்தியாசத்தில் விற்றன. திரும்புவதற்கு ஒரு மாதம் வரை அவகாசமும் கிடைத்தது. ஒருவழிப் பயணிக்கு இது அநியாயம் என்ற பேச்சு நெடுநாள் இருந்தது. கடைசியில் லண்டன்–எடின்பரோ தடத்தில் ஓடும் எல்.என்.இ.ஆர். நிறுவனம் 2023இல் பெரும்பாலான ரிட்டர்ன் டிக்கெட்டுகளைக் கைவிட்டு, ஒருவழிக் கட்டணத்துக்கு மாறியது. நாம் எப்போதும் இருக்கும் இடத்துக்கு அவர்கள் இப்போதுதான் வந்திருக்கிறார்கள்!

பொதுப்பெட்டியில் போகிறவருக்கு வேறு கணக்கு. 2016 மார்ச் முதல், 199 கி.மீ. வரையிலான முன்பதிவில்லா டிக்கெட் வாங்கிய மூன்று மணி நேரத்துக்குள், அல்லது அடுத்த முதல் வண்டியில், எது பிந்தியதோ அதற்குள் கிளம்பியாக வேண்டும். காலையில் சேலம் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் மாலைக்கும் சேர்த்து நாமக்கல்லில் வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. ஒரே டிக்கெட்டைப் பலர் கைமாற்றிப் பயன்படுத்தியதைத் தடுக்க வந்த விதி அது.

தாராளமான ரிட்டர்ன் டிக்கெட் போன்ற ஒன்று விதிப்புத்தகத்தில் இருக்கிறது; கேட்டு வாங்குவோர்தான் குறைவு. சுற்றுப் பயண டிக்கெட். கிளம்பிய ஸ்டேஷனிலேயே முடிய வேண்டும், வழியில் எட்டு இடங்கள் வரை இறங்கித் தங்கலாம். மொத்தத் தூரத்தை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பாதிக்கும் ஒருவழிக் கட்டணம் போடுவார்கள். தூரம் கூடக் கூடக் கிலோமீட்டர் கட்டணம் குறையும் என்பதால் இது லாபம். சேலத்தில் தொடங்கி நாமக்கல், கரூர், திருச்சி, தஞ்சாவூர், மயிலாடுதுறை, சிதம்பரம், கடலூர், விருத்தாசலம் வழியாகச் சேலத்துக்கே வந்தால் அழகான வட்டம். கோயில் சுற்ற நினைக்கும் மலைக்காரர்கள் கவனிக்கலாம். படுக்கை வேண்டுமானால் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனியே ரிசர்வ் செய்ய வேண்டும்.

மலைக்காரருக்கு இன்னொரு இடறல். 2019 ஏப்ரல் முதல் இரண்டு ரயில் பயணங்களின் பி.என்.ஆரை இணைக்கலாம், முதல் வண்டி தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் பணம் திரும்பும். மழையில் கொண்டை ஊசி வளைவில் பாறை சரிந்து பஸ் நின்றுவிட்டால் இந்தச் சலுகை கிடையாது. நாமக்கல்லில் வண்டி சரியான நேரத்துக்குப் போய்விட்டது, வராதது பயணிதான் என்றே பதிவாகும்.

கவுன்டரில் வாங்கிய கன்ஃபார்ம் டிக்கெட்டின் தேதியை 48 மணி நேரத்துக்கு முன்பு நேரில் போய் ஒருமுறை மாற்றும் வசதி பழையது. ஆன்லைன் டிக்கெட்டுக்கும் கட்டணமில்லாமல் தேதி மாற்றும் வசதி வரும் என்று 2025 அக்டோபரில் ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் அறிவித்தார். புதிய தேதியில் இடம் இருந்தால்தான் கன்ஃபார்ம், கட்டண வித்தியாசத்தைப் பயணி கட்ட வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை இரவு சென்னை வண்டியில் அந்த இடம் எங்கிருந்து வரும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.