உங்களுக்குத் தெரியுமா?

.22 தோட்டாவின் அடியில் தனி வெடிமூடி கிடையாது. பித்தளை விளிம்பின் உட்பள்ளத்திலேயே பற்றவைக்கும் மருந்தைச் சுழற்றிப் பரப்புகிறார்கள். ஒரு பக்கம் மருந்து குறைந்தால், சுடும் ஊசி அங்கே அடிக்கும்போது தோட்டா வெடிக்காது. மொத்தமாக விற்கும் மலிவுத் தோட்டாக்களில் இது கூடுதல். விசை குறைந்தால் பிஸ்டல் ஸ்லைடும் பாதியில் சிக்கும்.

ஆனாலும் பயிற்சிக்கு அவை தாராளமாகப் போதும். 50 மீட்டர் ரைபிள் இலக்கில் பத்துப் புள்ளி வட்டம் 10.4 மி.மீ.; 25 மீட்டர் பிஸ்டலின் துல்லியச் சுற்றிலோ 50 மி.மீ. அங்கே தோட்டாவின் பிழையைவிடக் கை நடுக்கமே பெரிது.

போட்டி வேறு; தோட்டா சிக்கினால் சரிசெய்ய அங்கே நேரமிருக்காது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய வீரர் விஜய் குமார் வெள்ளி வென்ற துரிதப் பிஸ்டல் இறுதிச்சுற்றில் 5 குண்டுக்கு 4 விநாடிதான்!

மதுரைக்காரர்களே, சித்திரை வெயிலில் தோட்டாப் பெட்டியைக் காருக்குள் விடாதீர்கள். ஈயக் குண்டின் மெழுகுப் பூச்சு இளகக்கூடும்.