பைன் மரத்தின் பிசின் யுத்தம்

மதுரை கீழமாசி வீதியில் நாட்டு மருந்துக் கடைக்குப் போய்க் குங்கிலியம் வாங்குகிறோம். அது ஒரு மரம் தன் காயத்தில் வடித்த பிசின் என்று யார் நினைக்கிறார்கள்? கதவுக்குப் பெயின்ட் அடிப்பவர் கலக்கும் டர்பன்டைனும் அப்படியே. இன்று கடையில் விற்பதில் பெரும்பகுதி மண்ணெண்ணெய் இனம். அசல் டர்பன்டைனோ பைன் மரப் பிசினைக் காய்ச்சி வடித்தது. மூக்கைத் துளைக்கும் இந்த நெடி மரத்துக்கு எதற்கு? எதிரியை விரட்டத்தான்!

எதிரி, பட்டை வண்டு. அரிசி மணி அளவே இருக்கும். ஆனால் பட்டையைத் துளைத்து உள்ளே போய், மரத்தின் உணவு ஓடும் பகுதியில் சுரங்கம் தோண்டி முட்டையிடும். கூடவே ஒரு பூஞ்சணத்தையும் கொண்டுவரும். அது மரத்தின் நீர்க்குழாய்களை அடைக்கும்.

பைன் போன்ற ஊசியிலை மரங்களில் நூல் போன்ற பிசின் குழாய்கள் உண்டு. கோடைக்கானல் பைன் தோப்பில் மரத்தைத் தொட்டவர்கள் விரலில் ஒட்டிய பிசினை மறந்திருக்க மாட்டார்கள். வண்டு துளையிட்டால் குழாய் உடைந்து பிசின் பீறிடும். வண்டு அதில் மூழ்கும், அல்லது வெளியே தள்ளப்படும். காற்றுப் பட்டதும் டர்பன்டைன் பகுதி ஆவியாகிவிட, எஞ்சியது இறுகித் துளையை மூடிவிடும்.

இதையும் தாண்டி வண்டு நுழைந்துவிட்டால் மரம் இன்னொரு வித்தை செய்கிறது. காயத்தைச் சுற்றியுள்ள தன் திசுக்களைத் தானே சாகடித்து, அந்த வட்டத்தில் விஷப் பொருள்களை நிரப்புகிறது. பூஞ்சணம் அதைத் தாண்டுவது கடினம். தீப்பிடித்த தெருவில் பக்கத்துக் கூரையைப் பிரித்துப் போடுவார்களே, அந்த யோசனைதான்.

வண்டு மட்டும் இளைத்ததா என்ன? கனடாவின் மலைப் பைன் வண்டில் முதலில் துளைப்பது பெண். மரத்தின் பிசினிலுள்ள பொருளையே தன் உடம்பில் மாற்றி, ஒருவித வாசனையாக வெளியிடுகிறது. அதை மோப்பம் பிடித்து ஆயிரக்கணக்கில் வண்டுகள் வந்து இறங்கும். எத்தனை துளைகளுக்குத்தான் மரம் பிசின் ஊற்றும்? கூட்டம் நிரம்பியதும் வேறொரு வாசனை கிளம்பும். பஸ் கண்டக்டர் "இடமில்லை" என்று கை காட்டுவது போல! அந்த வாசனையைச் செயற்கையாகச் செய்து மரத்தில் தொங்கவிட்டு வண்டைத் திருப்பி அனுப்பவும் முயல்கிறார்கள்.

தண்ணீர் வற்றினால்...

பிசினைத் தள்ளுவதற்கு மரத்துக்குள் நீரின் அழுத்தம் வேண்டும். மழை பொய்த்தால் பிசினும் ஊறாது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1990களில் தொடங்கிய தாக்குதலில் 1 கோடியே 80 லட்சம் ஹெக்டேர் காடு பாதிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் பரப்பைவிட இது பெரிது! வண்டின் புழுக்களைக் கொல்லும் கடுங்குளிர் அங்கே குறைந்துபோனது பெரிய காரணம். வறட்சியும் முதிர்ந்த மரங்கள் நெருங்கி நின்றதும் சேர்ந்துகொண்டன. ஜெர்மனியிலும் 2018 வறட்சிக்குப் பின் ஸ்புரூஸ் காடுகள் இப்படி அழிந்தன.

நம் நாட்டிலும் ஓர் அனுபவம் உண்டு. குங்கிலியம் தரும் சால மரம் ஊசியிலை இனமல்ல. ஆனாலும் அதற்கும் பிசினே காவல். வலுவுள்ள மரம் தன்னைத் துளைக்கும் வண்டுப் புழுவைப் பிசினில் அமுக்கிக் கொன்றுவிடும். வண்டு அளவு மீறிப் பெருகினால் நல்ல மரமும் தப்பாது. 1990களின் பிற்பகுதியில் மத்தியப் பிரதேசத்தில் மண்டலா முதலிய இடங்களில் லட்சக்கணக்கான சால மரங்கள் பட்டுப்போயின. அப்போது சில மரங்களை வெட்டிப் பட்டையை நசுக்கிப் போட்டார்கள். அந்தச் சாற்றைக் குடிக்க வந்து மயங்கிய வண்டுகளைக் கிராமத்தார் பொறுக்கினார்கள். எண்ணிக் காசு கொடுத்தது வனத்துறை.

நம் சோழவந்தான் பக்கத்துத் தென்னைக்கோ இந்தப் பிசின் ஆயுதமே கிடையாது. இருப்பது ஒரே குருத்து. காண்டாமிருக வண்டு குடைந்த காயத்தில் சிவப்புக் கூன்வண்டு முட்டையிட்டால், உள்ளே நடப்பது வெளியே தெரிவதற்குள் மரம் போய்விடும். எனவே காவல் வேலை தோப்புக்காரருடையது. வேப்பங்கொட்டைத் தூளையும் மணலையும் கலந்து குருத்துப் பக்கத்து மட்டை இடுக்குகளில் போடுகிறார்கள். கூன்வண்டு தன் இனத்தை அழைக்கும் வாசனையைச் செயற்கையாகச் செய்து, தண்ணீர் ஊற்றிய வாளியில் தொங்கவிடுவதும் உண்டு. விழுந்த வண்டுகளை அவ்வப்போது எடுத்து அழிக்க வேண்டும். வாளியில் தண்ணீர் வற்றவும் விடக்கூடாது.